மாலை ஐந்து மணிக்குக் காலியாகும் வளாகம்: சேலத்துக்கும் அதன் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே என்ன இருக்கிறது?

சேலத்தில் எந்தத் திசையில் கிளம்பினாலும் ஒரு கல்லூரி வளைவு கண்ணில் படும். கருப்பூர், அரியானூர், சூரமங்கலம், செர்ரி சாலை, கோரிமேடு என்று சொல்லிக்கொண்டே போகலாம். காலை எட்டரை மணிக்கு ஐந்து ரோடு சந்திப்பில் நின்றால் பை மாட்டிய தோள்கள்தான் தெரியும். அதே இடத்தில் இரவு ஏழரைக்கு நின்றால் கடைக்கு வந்த குடும்பங்களும் வேலை முடிந்து திரும்புகிறவர்களும் இருப்பார்கள். காலையில் வந்த மாணவர்களில் பெரும்பாலோர் அதற்குள் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

மாம்பழம், இரும்பு, கொலுசு, ஜவ்வரிசி என்று சேலத்துக்குப் பல அடையாளங்கள் உண்டு. இத்தனை ஆயிரம் பேர் படித்தும் இதை மாணவர்களின் ஊர் என்று யாரும் சொல்வதில்லை. ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு போன் இருந்தால் போதும்’ என்று பெரியவர்கள் இதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். அதை ஏற்க முடியாது. போன் வருவதற்கு முன்பே இந்த இடைவெளி தொடங்கிவிட்டது. பல்கலைக்கழகம் அமைக்கப்பட்ட விதத்திலும், அது நிற்கும் இடத்திலும், எல்லாவற்றுக்கும் மேலாக பஸ் நேரத்திலும் அதன் வேர் இருக்கிறது.

‘பெரியார் யூனிவர்சிட்டியில் படிக்கிறான்’ என்றால் என்ன அர்த்தம்?

முதலில் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பல்கலைக்கழகங்களில் இரண்டு வகை உண்டு. மாணவர், ஆசிரியர், விடுதி, நூலகம் எல்லாம் ஒரே வளாகத்துக்குள் இருப்பது ஒரு வகை. இன்னொரு வகை, தன் எல்லைக்குள் இருக்கும் கல்லூரிகளை இணைத்துக்கொண்டு பாடத்திட்டம் வகுப்பது, தேர்வு நடத்துவது, பட்டம் கொடுப்பது. இதை இணைவுப் பல்கலைக்கழகம் என்கிறோம். 1857-ல் லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து சென்னைப் பல்கலைக்கழகத்தை உருவாக்கியபோது நம் பக்கம் வந்த ஏற்பாடு இது.

பெரியார் பல்கலைக்கழகம் 1997 செப்டம்பரில் தொடங்கியது. அதுவரை சேலத்துக் கலைக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. நீதிக்கட்சி 1944 ஆகஸ்டில் திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது சேலம் மாநாட்டில்தான் என்பதால், பல்கலைக்கழகத்தின் பெயர் இந்த ஊருக்கு நன்றாகவே பொருந்துகிறது. சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கு மாவட்டங்கள் அதன் எல்லை. 1965-ல் தர்மபுரி பிரிவதற்கு முன்பிருந்த பழைய சேலம் மாவட்டத்தை வரைபடத்தில் தேடினால், கிட்டத்தட்ட இதே எல்லைதான் கிடைக்கும். நிர்வாகம் நான்காகப் பிரிந்துவிட்டது, பட்டம் மட்டும் இன்னும் ஒன்றாக இருக்கிறது.

ஆகவே இந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம் வாங்குகிறவர்களில் மிகப் பெரும்பான்மையினர் நூறுக்கும் மேற்பட்ட இணைவுக் கல்லூரிகளில் படிப்பவர்கள். ராசிபுரத்திலோ கிருஷ்ணகிரியிலோ மூன்று வருடம் படித்து முடிக்கும் ஒருவர், கருப்பூரில் இருக்கும் பல்கலைக்கழக வளாகத்தைப் பார்க்காமலே பட்டதாரி ஆகலாம். வளாகத்தில் இருப்பது முக்கியமாக முதுகலை, ஆய்வுத் துறைகள். அங்கே படிப்பவர்கள் வயதில் சற்று மூத்தவர்கள், எண்ணிக்கையில் குறைவு.

சேலத்து மாணவர் எல்லோரும் இந்தப் பல்கலைக்கழகத்துக்குள் வருகிறார்களா என்றால் அதுவும் கிடையாது. பொறியியல் படிப்பவர் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ். மருத்துவ மாணவர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ். சட்டத்துக்கும் பி.எட். படிப்புக்கும் தனித்தனிப் பல்கலைக்கழகங்கள். இவை போக, தானே பட்டம் கொடுக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றும் இருக்கிறது. கருப்பூரில் 1966-ல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரியும் பெரியார் பல்கலைக்கழகமும் ஒரே நெடுஞ்சாலையோரம் இருக்கின்றன. ஆனால் தேர்வு அட்டவணை வேறு, விடுமுறை வேறு, விழா நாள் வேறு. ஒரே நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நிற்கும் இரண்டு பேர் சேர்ந்து ஓய்வாக இருக்கும் வாரம் அமைவதே அபூர்வம்.

ஊருக்கு நடுவிலும் ஊருக்கு வெளியிலும்

படிப்புக்கும் ஊருக்கும் உள்ள உறவுக்குத் தமிழ்நாட்டில் பழைய சான்று ஒன்று உண்டு. விழுப்புரம் மாவட்டத்தில் எண்ணாயிரம் என்ற ஊரின் கல்வெட்டு, முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் அங்கிருந்த வேதக் கல்லூரியைப் பற்றிச் சொல்கிறது. இளநிலை மாணவர் 270 பேர், மேல்நிலை மாணவர் 70 பேர். இவர்களுக்கான நெல்லுக்கு ஊர்ச் சபை நிலம் ஒதுக்கியது. படித்தவர்கள் பிராமணர்கள் மட்டுமே என்பதால் இன்றைய கல்லூரியோடு அதை ஒப்பிட முடியாது. ஒரு விஷயத்துக்காக மட்டும் சொல்கிறேன்: மாணவர்களுக்கு யார் சோறு போடுவது என்பது அன்று ஊர்ச் சபை கூடி முடிவு செய்த காரியம்.

சேலத்திலும் அப்படி ஒரு காலம் இருந்தது. 1857-ல் பள்ளியாகத் தொடங்கி, பிறகு நகராட்சிக் கல்லூரியாக நடந்ததுதான் இன்று செர்ரி சாலையில் இருக்கும் அரசு கலைக் கல்லூரி. நகராட்சி நடத்திய கல்லூரி என்றால் கூரை ஒழுகினாலும் ஆசிரியர் சம்பளம் நின்றாலும் அது நகராட்சியின் கவலை. கல்லூரியிலிருந்து கடைவீதிக்கு நடந்தே போகலாம். டீக்கடை, நூலகம், பொதுக்கூட்ட மேடை எல்லாம் கூப்பிடு தூரத்தில்.

கருப்பூர் அப்படி அமையவில்லை. புதிய பஸ் நிலையத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். ஆனாலும் நடுவில் ஓடுவது சேலம்–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை. நடந்து போகிற சாலையாக அதை யாரும் போடவில்லை. ஒரு பக்கம் வெள்ளைக்கல் எடுக்கும் மேடுகள், இன்னொரு பக்கம் பட்டறைகளும் குடோன்களும். நிர்வாக முறையில் கருப்பூர் ஒரு தனிப் பேரூராட்சி. தெருவிளக்கு, நடைபாதை, நிறுத்தத்துக்கு நிழற்குடை என்று எது கேட்டாலும் மாநகராட்சி ‘அது எங்கள் எல்லை இல்லை’ என்று சொல்ல முடியும். ஒரு பேரூராட்சியின் வருமானத்தில் பல்கலைக்கழகத்தின் தேவையைச் சமாளிக்கவும் முடியாது. 60 வார்டு கொண்ட மாநகராட்சிக்கு அந்த மாணவர்களால் ஓட்டும் இல்லை, வரியும் இல்லை. அவர்கள் யார் கணக்கிலும் வராமல் போவது இப்படித்தான்.

ஒரு மாணவரின் மாலை எப்படி முடிகிறது?

எல்லாவற்றையும் விட முக்கியமானது இதுதான். சேலத்துக் கல்லூரிகளில் படிப்பவர்களில் பெரும்பாலோர் தினமும் வீட்டிலிருந்து வந்து போகும் டே ஸ்காலர்கள். ஜலகண்டாபுரம், மேச்சேரி, காடையாம்பட்டி, வாழப்பாடி பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம்.

1. வகுப்பு நான்கு, நாலரை மணிக்கு முடிகிறது. அவருக்கு இரண்டு பஸ் பிடிக்க வேண்டும். முதல் பஸ் எளிது, அடிக்கடி வரும். சிக்கல் இரண்டாவது பஸ்ஸில். பிரதான சாலையை விட்டு உள்ளே இருக்கும் ஊர்களுக்கு ஒரு நாளைக்குச் சில டிரிப்தான். மாலை டிரிப்பை விட்டால் ராத்திரி டிரிப், அதையும் விட்டால் யாராவது பைக்கில் வந்து அழைத்துப்போக வேண்டும்.

2. கையில் இருக்கும் பஸ் பாஸ், வீட்டுக்கும் கல்லூரிக்கும் நடுவே உள்ள தடத்துக்கு மட்டுமே செல்லும். அரசு கலைக் கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. மாணவர்களுக்கு அது இலவசம். பாஸ் இல்லாவிட்டால் இவர்களில் பலர் படிக்கவே வந்திருக்க மாட்டார்கள். அதன் அருமையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தடத்தை விட்டு விலகி நூலகத்துக்கோ நண்பன் வீட்டுக்கோ புத்தகக் கண்காட்சிக்கோ போனால் காசு கொடுத்து டிக்கெட் எடுக்க வேண்டும். ஊரைச் சுற்றிப் பார்ப்பதற்கு அந்தப் பாஸில் இடம் இல்லை.

3. தனியார் கல்லூரி மாணவர் மஞ்சள் நிறக் கல்லூரி பஸ்ஸில் வருகிறார். வீட்டுத் தெருமுனையில் ஏறி வளாகத்துக்குள் இறங்குகிறார், மாலையில் அதே வழியில் திரும்புகிறார். நான்கு வருடம் சேலத்தில் படித்த பிறகும் செவ்வாய்ப்பேட்டை எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

4. பெண்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமானது. இருட்டுவதற்குள் வீட்டுக்கு வர வேண்டும் என்ற விதி எங்கும் எழுதப்படவில்லை, ஆனாலும் எல்லா வீட்டிலும் இருக்கிறது. ஆறு மணிக்கு மேல் நடக்கும் எந்தக் கூட்டத்துக்கும், ஒத்திகைக்கும், பயிற்சிக்கும் அவர்கள் வர முடியாது.

இந்த நான்கும் சேர்ந்தால் கல்லூரி வாழ்க்கை என்பது காலை முதல் பாடவேளைக்கும் மாலை பஸ்ஸுக்கும் நடுவே முடிந்துவிடுகிறது. நட்பு எங்கே வளர்கிறது என்று பார்த்தால் பஸ்ஸுக்குள்ளும் நிறுத்தத்திலும்தான். ஒரே தடத்தில் வருகிறவர்கள் கூட்டாளிகளாகிறார்கள். படிக்கட்டில் தொங்கும் பையன்களைப் பற்றி வருடம் தவறாமல் செய்தி வருகிறது, அபராதமும் எச்சரிக்கையும் வருகிறது. அந்த ஆபத்தை நியாயப்படுத்த முடியாது. ஆனால் அவர்கள் தங்களுக்குள் கூடிப் பேசச் சிரிக்கக் கிடைக்கிற நேரம் அந்த நாற்பது நிமிடம்தான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இது ஏன் தீரவில்லை என்று புரியும்.

பெண்கள் விஷயத்தில் ஒரு நல்ல மாற்றம் நடந்திருக்கிறது. 2021 மே மாதம் முதல் அரசு சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மாணவிகளைப் பொறுத்தவரை இதன் பலன் செலவு மிச்சத்தோடு நிற்கவில்லை. தடம் என்ற கட்டு அவிழ்ந்தது. கல்லூரி முடிந்து கடைவீதிக்கு ஒரு பஸ், அங்கிருந்து பஸ் நிலையத்துக்கு இன்னொரு பஸ் என்று ஏறி இறங்கலாம். 2022-ல் வந்த புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் சேர்ந்தபோது, தோழிகளோடு தட்டுவடை செட் சாப்பிட வீட்டில் காசு கேட்க வேண்டியதில்லை என்ற நிலை பலருக்கு முதல்முறையாக வந்தது. சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் எனக்கு இது பெரிய விஷயமாகவே படுகிறது. குறை ஒன்று உண்டு: சேலத்தில் தனியார் டவுன் பஸ்களும் நிறைய ஓடுகின்றன, அவற்றில் இந்தச் சலுகை கிடையாது.

மீதி அரை நாள் எங்கே போகிறது?

அரசு கலைக் கல்லூரிகள் பலவற்றில் இரண்டு ஷிப்ட். காலை ஷிப்ட் மதியத்தோடு முடியும், மதிய ஷிப்ட் மாலை வரை நடக்கும். இடம் போதாததால் வந்த ஏற்பாடு. அதற்கு யாரும் திட்டமிடாத ஒரு விளைவு உண்டு. மாணவருக்கு அரை நாள் கிடைத்தது, அந்த அரை நாளில் அவர் வேலைக்குப் போகிறார்.

ஜவுளிக்கடை, மருந்துக்கடை, கொலுசுப் பட்டறை, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டிப் பக்கம் விசைத்தறி, உணவு டெலிவரி என்று பல வேலைகள். முகூர்த்த நாள் வந்தால் கேட்டரிங். மண்டபத்தில் ஒரே மாதிரிச் சட்டை போட்டுக்கொண்டு இலை போடுகிற, சாம்பார் வாளி தூக்குகிற பையன்களில் கல்லூரி மாணவர்கள் நிறையப் பேர். அங்கேயும் நட்பு வளர்கிறது, ஊரைத் தெரிந்துகொள்ளவும் முடிகிறது. எந்தத் தெருவில் எந்த மண்டபம் என்று இவர்களுக்குத் தெரிந்த அளவு கல்லூரி பஸ்ஸில் வருகிறவருக்குத் தெரியாது. சேலமும் அதன் மாணவர்களும் உண்மையில் தினமும் சந்திக்கிற இடம் இந்த வேலைக்களம்தான் என்பேன். ஆனால் அங்கே ஊருக்கு அவர் மாணவர் கிடையாது, கூலிக்கு வந்த பையன்.

தங்கிப் படிக்க நினைத்தால்

பஸ் தொல்லை வேண்டாம், ஊரிலேயே தங்கிவிடலாம் என்றால் மூன்று வழி உண்டு.

முதலாவது அரசு விடுதி. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் நலத்துறைகள் நடத்தும் இந்த விடுதிகளுக்கு 2025 ஜூலையில் ‘சமூகநீதி விடுதிகள்’ என்ற பொதுப்பெயர் வந்தது. சேர்வராயன் மலைக் கிராமங்களிலிருந்து இறங்கி வரும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இதுதான் வழி, ஏனென்றால் மலையிலிருந்து தினமும் வந்து போக முடியாது. இதில் ஒரு முரண் இருக்கிறது. ஏற்காட்டில் 1917-ல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் போன்ற உறைவிடப் பள்ளிகளுக்கு வெளியூர்ப் பிள்ளைகள் மலை ஏறி வந்து தங்கிப் படிக்கிறார்கள். மலையிலேயே பிறந்தவர்கள் பட்டப்படிப்புக்காகக் கீழே இறங்குகிறார்கள்.

இரண்டாவது தனியார் விடுதி. பெண்கள் விடுதி என்றால் 2014-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். மகளைச் சேர்ப்பதற்கு முன் பெற்றோர் உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், தயங்க வேண்டாம். விடுதிக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. உண்டா என்ற குழப்பமும் நீங்கிவிட்டது. ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு உட்பட்ட வாடகையில் தொடர்ந்து 90 நாளாவது தங்கினால் வரி இல்லை என்று 2024 ஜூனில் ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவு செய்தது.

மூன்றாவது, நான்கைந்து பேர் சேர்ந்து வீடு எடுப்பது. ‘பேச்சிலருக்கு வீடு தர்றதில்ல’ என்ற பதில் இதில்தான் வரும். சத்தம் போடுவார்கள், வாடகை தவறும், கேட்பதற்கு வீட்டில் பெரியவர் இல்லை என்று உரிமையாளர்கள் பயப்படுகிறார்கள். சாதி கேட்பவர்களும், கறி சமைப்பீர்களா என்று கேட்பவர்களும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறு மாதிரி உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. மாணவர்கள் எடுக்கும் வீடுகளில் பெரும்பாலும் வாய்ச்சொல்தான் நடக்கிறது. பாதி வருடத்தில் ‘காலி பண்ணுங்க’ என்று சொன்னால் காட்டுவதற்குக் கையில் காகிதம் இருக்காது.

ஏற்காட்டுக்கு ஏன் ஓடுகிறார்கள்?

காசு செலவழிக்காமல், யாரும் விரட்டாமல், பத்துப் பேர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேச ஓர் இடம் சேலத்துக்குள் சொல்லுங்கள் என்றால் யோசிக்க வேண்டியிருக்கிறது. பூங்காவில் ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்தால் பத்துக் கண்கள் பார்க்கும். டீக்கடையில் அரை மணிக்கு மேல் நிற்க முடியாது. ஆகவே பைக் வைத்திருப்பவர்கள் மலைக்குப் போகிறார்கள். இருபது கொண்டை ஊசி வளைவு, ஓர் இருக்கைக்கு மூன்று பேர், தலைக்கவசம் இல்லை. விபத்துச் செய்தி வந்ததும் சோதனை இறுகும், பிறகு தளரும். மலைப்பாதையில் கண்காணிப்பு அவசியம். ஆனால் கீழே உட்கார இடம் கொடுத்தால் மேலே போகும் கூட்டத்தில் ஒரு பகுதியாவது குறையும் என்பது யாருடைய பேச்சிலும் வருவதில்லை.

மாணவருக்காகப் பேச யார்?

லிங்டோ குழுவின் பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பரில் ஏற்று, கல்லூரிகளில் மாணவர் தேர்தல் எப்படி நடக்க வேண்டும் என்று வரையறுத்தது. வேட்பாளருக்கு 75 சதவீத வருகை, செலவு வரம்பு 5,000 ரூபாய் என்று விவரமாகவே இருக்கிறது. தமிழ்நாட்டில் அப்படி நடக்கும் தேர்தல்கள் மிக அரிது. விளைவு எளிமையானது: ஆறரை மணிக்கு ஒரு பஸ் விடுங்கள் என்று போக்குவரத்துக் கழகத்திடம் போய்க் கேட்க, ஆயிரக்கணக்கான மாணவர்கள் சார்பில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் கிடையாது. அப்புறம் இருப்பது மனு கொடுப்பதும் மறியல் செய்வதும்தான்.

நாட்டு நலப்பணித் திட்டம் வருடத்துக்கு 120 மணி நேரச் சேவை கேட்கிறது. சிறப்பு முகாம் என்றால் வழக்கமாக ஒரு கிராமத்தைத் தத்தெடுக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் கிராமத்திலிருந்து வரும் மாணவரை இன்னொரு கிராமத்துக்கு அனுப்புகிறோம். மூக்கனேரிக் கரையிலோ நகரத்து வார்டு ஒன்றிலோ அந்த 120 மணி நேரத்தில் பாதியைச் செலவிட்டால், ஊருக்கு அவர்களின் முகமாவது தெரியும்.

இனி என்ன மாறக்கூடும்?

கருப்பூர் பக்கம் ஆணைகவுண்டன்பட்டியில் 2024-ல் ஐ.டி. நிறுவனங்களுக்கான மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. வேலைக்குச் செல்வோர் அந்தத் தடத்தில் கூடினால் இரவு நேர பஸ்ஸுக்கு ஆள் சேரும். ஆள் சேர்ந்தால் டிரிப் கூடும், மாணவர்களும் அதில் ஏறலாம். நடக்க வாய்ப்புள்ள மாற்றங்களில் முதலாவது இது.

இன்னொன்று நூலகம். 2025-26 நிதிநிலை அறிக்கையில் சேலத்துக்கு ஒரு பெரிய நூலகம் அறிவிக்கப்பட்டது. கட்டடத்தின் அழகை விட இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். அது டவுன் பஸ்கள் கூடும் இடத்துக்கு நடந்து போகும் தூரத்தில் அமைகிறதா? எத்தனை மணிக்கு மூடுகிறார்கள்? எட்டு மணி வரை திறந்திருக்கும் என்றால், எட்டேகாலுக்கு ஜலகண்டாபுரம், மேச்சேரி, வாழப்பாடிப் பக்கம் உள்ளே இருக்கும் ஊர்களைத் தொட்டுப் போகும் பஸ்கள் வேண்டும். நூலகத் துறை மட்டும் இதை முடிவு செய்ய முடியாது. போக்குவரத்துக் கழகத்தின் சேலம் கோட்டம், மாநகராட்சி, கல்லூரி முதல்வர்கள் எல்லோரும் திறப்பு விழாவுக்கு முன்பே ஒரு மேஜையில் உட்கார்ந்து நேரப்பட்டியல் போட வேண்டும்.